பன்னிரண்டு பேர் படகில் பதினான்கு பேர்: சேலத்திலிருந்து போய்க் கொச்சியில் யாட் வாடகைக்கு எடுத்த கதை

சேலத்தில் வளர்ந்தவர்களுக்குத் தண்ணீரில் போவது என்றால் ஏற்காட்டு ஏரியில் அரை மணி நேரம் மிதிபடகை மிதிப்பது, இல்லையென்றால் பூலாம்பட்டியில் விசைப்படகு ஏறிக் காவிரியைக் கடந்து நெரிஞ்சிப்பேட்டையில் இறங்குவது, இன்னும் கொஞ்சம் மெனக்கெட்டால் ஒகேனக்கல்லில் பரிசல் ஏறுவது, அவ்வளவுதான். எங்கள் குடும்பத்தில் நான்கு வீட்டார் மாதம் வீட்டுக்கு 500 ரூபாய் வீதம் ஒரு பொதுக் கணக்கில் போட்டு வருகிறோம்; இரண்டு ஆண்டு கழித்து அதில் 48,000 ரூபாய் சேர்ந்தபோது, வழக்கம்போலக் கோயில் பயணம் என்று முடிக்காமல், ஒரு நாள் முழுக்க நமக்கே நமக்கென்று ஒரு படகு எடுத்தால் என்ன என்று சித்தப்பா கேட்டார். எழுபது வயதில் அவருக்கு வந்த ஆசை அது என்பதால் யாரும் மறுக்கவில்லை. அப்படித்தான் தை மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை பதினான்கு பேர் கொச்சிக்குப் போய், ‘பிரைவேட் யாட்’ என்று விளம்பரப்படுத்தப்படும் உல்லாசப் படகு ஒன்றை நான்கு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்தோம். இங்கிருந்து இன்னொரு குடும்பமோ நண்பர் குழுவோ அதே யோசனையில் இருந்தால் உதவும் என்பதால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

புதுச்சேரி நமக்குப் பக்கம்தானே, ஏன் கொச்சி என்று பலரும் கேட்டார்கள். புதுச்சேரியில் கரையை விட்டதும் திறந்த கடல்தான்; அலையின் ஆட்டம் முதல் நிமிடத்திலிருந்தே இருக்கும். எங்கள் குழுவில் முழங்கால் வலி உள்ள சித்தியும் நான்கு வயதுக் குழந்தையும் இருந்தார்கள். கொச்சியில் வேம்பநாட்டுக் காயல் கடலோடு சேரும் இடத்தில் துறைமுகம் அமைந்திருப்பதால், தீவுகளுக்கு நடுவே அலையில்லாத நீரில் மணிக்கணக்கில் சுற்றலாம். விரும்பினால் மட்டும் முகத்துவாரம் வரை போய்க் கடலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். வயதானவர்களும் குழந்தைகளும் சேர்ந்த குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் நமக்கு எட்டும் தூரத்தில் இல்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். சேலம் ஜங்ஷனில் நள்ளிரவு வாக்கில் கேரளா போகும் ரயில்களில் ஏறினால் காலையில் எர்ணாகுளம் வந்துவிடுகிறது என்பதும் ஒரு வசதி.

முன்பதிவு செய்யும்போதே ஒரு விஷயம் எனக்கு உறுத்தியது. இணையத்தில் தேடியபோது, பின்புறம் நீல மெத்தை போட்ட அதே வெள்ளைப் படகு மூன்று பக்கங்களில் மூன்று பெயர்களோடும் மூன்று விலைகளோடும் இருந்தது. படகின் உரிமையாளர் ஒருவர், அதை விற்றுக் கொடுப்பவர்கள் பலர் என்பது பிறகுதான் புரிந்தது. நாங்கள் பேசியது உரிமையாளரிடம் அல்ல, நடுவில் நிற்கும் ஒரு தரகரிடம். இந்தக் குறிப்பில் நான் பெயர் எதையும் சொல்லாததற்கும் அதுவே காரணம்: குறை ஒருவருடையது, பாராட்டு இன்னொருவருக்கு உரியது, பெயரோ மூன்றாவது ஒருவருடையதாக இருக்கும். மணிக்கு 7,000 ரூபாய் வீதம் நான்கு மணி நேரத்துக்கு 28,000. வரியோடு 33,040 என்று முடிந்தது. பாதிப் பணம் முன்பணம். பதினொரு பெரியவர்கள், மூன்று குழந்தைகள் என்று நான் தெளிவாகச் சொன்னேன். குழந்தைகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை, தாராளமாக வாருங்கள் என்று பதில் வந்தது. அதை நான் எழுத்தில் வாங்கவில்லை. தொலைபேசியில் கேட்டதோடு திருப்திப்பட்டுவிட்டேன். ஜவுளி வியாபாரத்தில் முப்பது ஆண்டு இருந்தும், ஒரு முழம் துணியைக்கூடச் சீட்டில்லாமல் வெளியே விடாத நான் இதில் ஏன் அசட்டையாக இருந்தேன் என்று தெரியவில்லை.

மதியம் இரண்டரை மணிக்குப் படகு. இரண்டு மணிக்கே எர்ணாகுளம் கரையில் உள்ள துறைக்குப் போய் நின்றோம். படகை ஓட்டுபவரை அங்கே ஸ்ராங்கு என்கிறார்கள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், மலையாளமும் தமிழும் கலந்து பேசினார். அவருக்கு உதவியாக ஓர் இளைஞர். ஸ்ராங்கு எங்களைப் பார்த்ததும் வணக்கம் சொல்லவில்லை, எண்ணினார். இரண்டு முறை எண்ணிவிட்டு, படகின் பக்கவாட்டில் எழுதியிருந்த இடத்தைக் காட்டினார். பயணிகள் 12 என்று இருந்தது. குழந்தைகளும் தலைகள்தான், பதினான்கு பேரோடு படகை எடுக்க மாட்டேன் என்றார்.

அந்த இருபத்தைந்து நிமிடத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான் தரகரைத் தொலைபேசியில் அழைத்துக் கத்தினேன். அவர் ஸ்ராங்கிடம் கொடுக்கச் சொன்னார். அனுசரித்துப் போகும்படி அவர் ஸ்ராங்கிடமே சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது. ஸ்ராங்கு கைப்பேசியைத் திருப்பித் தந்துவிட்டு, தானூரை நினைத்துப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார். மலப்புரம் மாவட்டத்துத் தானூரில் 2023 மே 7 அன்று ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியதில் அளவுக்கு மேல் ஆளை ஏற்றியிருந்தார்கள், இறந்தவர்களில் குழந்தைகள் பலர். எங்கள் மாமா, அதாவது அக்காவின் கணவர், அந்தச் செய்தியை நன்றாக நினைவில் வைத்திருந்தார். அவர்தான் என் கையைப் பிடித்து அமர்த்தினார். அந்த நேரத்தில் எனக்கு ஸ்ராங்கு மீது வந்த கோபம் இப்போது வெட்கமாக இருக்கிறது. இந்த நாளில் நாங்கள் வாங்கிய சேவைகளில் காசுக்கு மேல் மதிப்புள்ளது ஒன்று உண்டு என்றால் அது அவருடைய மறுப்புதான். ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் ஏற்றிக்கொள்ளும் ஓட்டுநர்கள் இருக்கத்தான் செய்வார்கள். அப்படி ஒருவர் ஏற்றிக்கொண்டால் அதை உபகாரம் என்று எண்ணாமல் இறங்கிவிடுங்கள்.

கடைசியில் ஸ்ராங்கே ஒரு வழி சொன்னார். பன்னிரண்டு பேரோடு முதலில் புறப்படுவது. நடுவில் ஒரு முறை துறைக்குத் திரும்பி இரண்டு பேரை மாற்றிக்கொள்வது. சித்தப்பா மகனும் அவன் மனைவியும் முதல் பாதியை விட்டுக்கொடுத்தார்கள். பதிவு செய்த குற்றத்துக்காக நானும் பெரியண்ணனும் இரண்டாம் பாதியை விட்டுக்கொடுத்தோம். ஆகவே இந்த மதிப்புரையின் முதல் பாதி நான் கண்டது, பிற்பாதி அண்ணி சொன்னது.

யாட் என்ற சொல்லைக் கேட்டுப் பாய்மரத்தையோ, படங்களில் வரும் மூன்றடுக்குக் கப்பலையோ எதிர்பார்த்துப் போகாதீர்கள். எங்களுக்கு வந்தது ஏறத்தாழ ஒரு சிற்றுந்து நீளமுள்ள வெள்ளை விசைப்படகு. பின்னால் இரண்டு அவுட்போர்டு இன்ஜின்கள், நடுவில் குளிர்சாதனம் போட்ட சிறிய அறை, மீனவர்கள் அணியம் என்று சொல்லும் முன்பகுதியில் சாய்ந்து படுக்க மெத்தை, பின்பகுதியில் எதிரெதிரே இருக்கைகள். சுத்தமாக இருந்தது. மெத்தை உறைகள் துவைத்திருந்தன, தரையில் மணல் இல்லை, பாட்டுப்பெட்டி ஒழுங்காக வேலை செய்தது. கழிப்பறை உண்டு, ஆனால் அதற்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. சித்தி ஒரு முறை போய் வந்த பிறகு, கரைக்குப் போகும் வரை தண்ணீரே குடிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். விளம்பரப் படங்களில் கழிப்பறையின் கதவு மட்டும்தான் இருக்கும். நிழலும் போதாது. இரண்டரை மணி வெயிலில் முன்பக்க மெத்தை தோசைக்கல் போலக் காய்ந்திருந்தது. நான்கு மணிக்கு மேல்தான் அங்கே உட்கார முடிந்தது.

லைஃப் ஜாக்கெட் எல்லோருக்கும் கட்டாயம். குழந்தைகளுக்கான அளவில் மூன்று இருந்தன, அதில் ஒன்றின் கொக்கி பிடிக்கவில்லை. உதவியாளர் கரைக்கு ஓடிப்போய் வேறொன்று கொண்டுவந்தார். இதையும் நாங்கள் கேட்கவில்லை, அவராகவே ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார்.

விளம்பரத்தில் 25 நாட் வேகம் என்று இருந்தது. உண்மையில் போனது எட்டு நாட் இருக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர், ஆகவே மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எரிபொருளை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று சித்தப்பா முதலில் முணுமுணுத்தார். கொஞ்ச தூரம் போனதும் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. வலை போட்டிருக்கும் சிறு வள்ளங்கள், அக்கரைக்கும் இக்கரைக்கும் ஓடும் பயணிகள் படகுகள், ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் நடுவே லாரிகளையே ஏற்றிப் போகும் ரோரோ படகு என்று அந்த நீர்ப்பரப்பு நம் சேலத்து ஐந்து ரோடு சந்திப்பைப் போல இருந்தது. வேகமாகப் போனால் நம் படகு எழுப்பும் அலை சிறு வள்ளத்தை ஆட்டிவிடும். வேகத்துக்காகப் படகு எடுப்பவர்களுக்குக் கொச்சித் துறைமுகம் ஏற்ற இடம் அல்ல. பார்ப்பதற்காக எடுப்பவர்களுக்கு அந்த வேகமே போதும்.

பார்ப்பதற்கு நிறையவே இருந்தது. போல்காட்டித் தீவில் டச்சுக்காரர்கள் 1744-இல் கட்டிய அரண்மனையை மரங்களுக்கு நடுவே கண்டோம். வல்லார்பாடத்தில் கண்டெய்னர்களைத் தூக்கும் பாரந்தூக்கிகளின் கீழே போனபோது, பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டுக் குழந்தைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். வில்லிங்டன் தீவு தானாக உண்டான தீவு அல்ல, துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணைக் கொட்டியே உண்டாக்கியது என்று ஸ்ராங்கு சொன்னார். ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் அந்த வேலையைச் செய்த ஆண்டுகளும் நம் மேட்டூர் அணை எழும்பிய ஆண்டுகளும், அதாவது 1925 முதல் 1934 வரை, ஏறக்குறைய ஒன்றே. மேட்டூர் அணை கட்டும் வேலைக்குக் கல் சுமந்த தன் தாத்தாவைப் பற்றிச் சித்தப்பா அங்கே வைத்துச் சொல்லத் தொடங்கியதில், தீவின் பாதியை யாரும் பார்க்கவில்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். படகிலேயே சமைத்துத் தருவதில்லை. அவர்கள் ஏற்பாடு செய்யும் உணவுக்குத் தலைக்கு ஒரு விலை, வெளியிலிருந்து கொண்டுவந்தால் சுத்தம் செய்யும் கட்டணம் என்று 1,500 ரூபாய். நாங்கள் கட்டணத்தைக் கட்டிவிட்டுச் சேலத்திலிருந்தே கொண்டுபோனோம். முறுக்கும் ஜவ்வரிசி வடகமும் நன்றாகவே போயின. தட்டுவடை செட் போட்டது மட்டும் பெரிய தவறு. இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னி தடவி, துருவிய காரட்டையும் பீட்ரூட்டையும் அக்கா வைக்க வைக்கக் காற்று அதை அள்ளிக்கொண்டு போய், மெத்தையெல்லாம் சிவப்புப் புள்ளியாக்கிவிட்டது. சுத்தம் செய்யும் கட்டணம் நியாயமானதுதான் என்று அதற்குப் பிறகு ஒப்புக்கொண்டோம்.

மட்டாஞ்சேரிப் பக்கம் திரும்பும்போது இன்ஜின் ஒன்று முனகி நின்றது. ஆகாயத்தாமரைக் கொடியும் ஒரு பிளாஸ்டிக் சாக்கும் நீருக்குள் சுழலும் அதன் விசிறியில் சுற்றிக்கொண்டிருந்தன. இன்ஜினைப் பின்பக்கமாகச் சாய்த்து நீருக்கு மேலே தூக்கி, உதவியாளர் ஒரு கொக்கிக் கம்பியாலும் கத்தியாலும் அதை அறுத்தெடுக்கப் பதினைந்து நிமிடம் ஆனது. படகு நின்றதும்தான் ஆட்டம் தெரிந்தது. ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இதுவரை ஒரு முறைகூட வாந்தி எடுக்காமல் மேலே போய்ச் சேராத அக்கா மகன், எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தான். இருபது ஆண்டுகளாக அந்த மலையில் எங்களுக்கெல்லாம் கார் ஓட்டும் மாமா ஓரமாகப் போய்க் குனிந்துகொண்டார். பயண வாந்திக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. கார் ஓட்டுபவர்களும் விதிவிலக்கு அல்ல.

முகத்துவாரத்தின் அருகே சீனவலைகள் தெரியும் இடத்தில், நாங்கள் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. சாம்பல் நிற முதுகுகள் மூன்று நீருக்கு மேலே வளைந்து மறைந்தன. கூன்முதுகு ஓங்கில்கள், அதாவது டால்பின்கள். துறைமுகத்தின் வாயில் அவை வழக்கமாக மீன் தேடி வருமாம். எல்லோரும் ஒரே நேரத்தில் இடப்பக்கம் பாய்ந்தோம். அன்று முழுக்க மெல்லப் பேசிய ஸ்ராங்கு அப்போதுதான் சத்தம் போட்டார்: பாதிப் பேர் வலப்பக்கம் போங்கள்! தேக்கடி ஏரியில் 2009 செப்டம்பர் 30 அன்று படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததற்கு, கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் கூடியதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. எங்கள் படகு அவ்வளவு எளிதில் சாயாது என்று பிறகு அவரே சொன்னார். ஆனாலும் குழந்தைகளை இந்தப் பக்கமும் பெரியவர்களை அந்தப் பக்கமும் உட்காரவைத்துவிட்டு, ஓங்கில்கள் இரு பக்கமும் தெரியும்படி படகை மெல்ல வட்டமடித்துக் காட்டினார். இன்ஜினை ஏறத்தாழ அணைத்தே விட்டார், அவற்றைத் துரத்தவில்லை. ‘டால்பின் உறுதி’ என்று சில விளம்பரங்களில் பார்த்தேன். அப்படி எழுதுபவர்களிடம் போகாமல் இருப்பது உத்தமம்.

நான்கே முக்கால் மணிக்குத் துறைக்குத் திரும்பி ஆள் மாற்றினோம். நானும் அண்ணனும் இறங்கி, கரையில் சும்மா நிற்பானேன் என்று உயர் நீதிமன்றத் துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குக் கொச்சி வாட்டர் மெட்ரோவில் ஏறினோம். 2023 ஏப்ரலில் தொடங்கிய சேவை அது. கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய, மின்கலத்தில் ஓடும் குளிர்சாதனப் படகுகள். சத்தமில்லை, எண்ணெய் வாடை இல்லை, பெரிய கண்ணாடிச் சன்னல்கள், நிமிர்ந்து நடக்க இடம். இரண்டு பேருக்கும் நூறு ரூபாய்க்குள் முடிந்தது. முப்பத்து மூவாயிரம் கொடுத்துப் பார்த்த அதே தீவுகளை அந்த விலையில் இன்னொரு முறை பார்த்தபோது அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, சன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். நான்கைந்து பேர் மட்டும் போகிறீர்கள், துறைமுகத்தைச் சுற்றிப் பார்த்தால் போதும் என்றால், யாட் தேவையில்லை. வாட்டர் மெட்ரோவில் அரை நாள் சுற்றிவிட்டு வாருங்கள் என்றே சொல்வேன். ஓங்கிலுக்காக அது நின்று காத்திருக்காது, கூட்டம் இருந்தால் சன்னலோரம் கிடைக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் பிற்பாதியைப் பற்றி அண்ணி சொன்னதைக் கேட்டால் என் வாதம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. வெயில் தணிந்து, முன்பக்க மெத்தையில் சித்தியைச் சாய்த்து உட்காரவைத்து, முகத்துவாரத்துக்கு உள்ளேயே ஒரு கிலோமீட்டர் தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள். கப்பல் ஒன்று கடலிலிருந்து உள்ளே வந்துகொண்டிருந்ததால் அதற்கு வழி விட்டு ஒதுங்கி நின்றார்களாம். சூரியன் இறங்கும்போது இன்ஜினை முழுவதும் நிறுத்தியதில், பத்து நிமிடம் யாரும் பேசவில்லை என்று அண்ணி சொன்னார். எங்கள் குடும்பத்தில் பன்னிரண்டு பேர் சேர்ந்து பத்து நிமிடம் பேசாமல் இருந்தார்கள் என்பதை நான் நம்பவில்லை, ஆனால் சித்தப்பாவும் அதையே சொல்கிறார். அந்தப் பத்து நிமிடத்தைப் பொதுப் படகில் வாங்க முடியாது என்பது உண்மைதான்.

நேரக் கணக்கில்தான் எனக்குத் தீராத குறை. வாடகை இரண்டரை மணியிலிருந்து ஆறரை மணி வரை. துறையில் வாக்குவாதம் 25 நிமிடம், விசிறியில் சிக்கிய கொடி 15 நிமிடம், திரும்பி வந்து ஆள் மாற்றிப் போனது 35 நிமிடம். நான்கு மணி நேரத்தில் இப்படி ஒன்றே கால் மணி போய்விட்டது. கொடி சிக்கியது யார் குற்றமும் இல்லை. மற்ற இரண்டும் தரகர் எண்ணிக்கையைப் பற்றிப் பொய் சொன்னதால் வந்தவை. இருட்டிய பிறகு ஓட்டமாட்டேன் என்று ஸ்ராங்கு ஆறரைக்கே கரை சேர்த்துவிட்டார், அதுவும் சரியே. ஒரு மணி நேர வாடகையைத் திருப்பிக் கேட்டேன். நான்கு நாள் தொலைபேசி, இரண்டு முறை எழுத்தில் புகார் என்று அலைந்த பிறகு 2,000 ரூபாய் வந்தது. படகுக்கு ஐந்துக்கு மூன்றரை, ஸ்ராங்குக்கும் உதவியாளருக்கும் முழு ஐந்து, பதிவு செய்து கொடுத்தவருக்கு ஒன்று, அதுவும் அந்த இரண்டாயிரத்துக்காக.

நீங்கள் எடுப்பதாக இருந்தால், விலையைக் கேட்பதற்கு முன்பே படகின் பதிவு எண்ணையும், குழந்தைகளையும் சேர்த்து அது எத்தனை பயணிகளை ஏற்ற அனுமதி பெற்றது என்பதையும் வாட்ஸப்பில் எழுத்தாகக் கேளுங்கள். தகுதிச் சான்றிதழின் படத்தை அனுப்பத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. நேரம் நீங்கள் ஏறும்போது தொடங்குமா, பதிவு செய்த மணிக்குத் தொடங்குமா, பழுதானால் யார் கணக்கு, மழை வந்தால் முன்பணம் என்ன ஆகும் என்பதையும் அதே செய்தியில் கேட்டுவிடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை; எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அப்போது வேண்டாம். டிசம்பர் கடைசியில் பள்ளி விடுமுறைக் கூட்டத்தோடு விலையும் ஏறிவிடும். தையும் மாசியும் நல்லது. நான்கு மணி நேரம் எடுக்காமல் மூன்று மணி நேரம், மூன்றரைக்குத் தொடங்கி எடுத்திருந்தால் வெயிலும் மிச்சம், ஏழாயிரமும் மிச்சம்.

படகுக்கு 33,040, சுத்தம் செய்யும் கட்டணம் 1,500, படகுக்காரர்கள் இருவருக்கும் சேர்த்து 1,000, குளித்து உடை மாற்ற எடுத்த இரண்டு அறைகளுக்கு 5,000, மதியச் சாப்பாடு 4,200 என்று பொதுக் கணக்கிலிருந்து 44,740 போனது. ரயில் செலவு அந்தந்த வீட்டாருடையது. திரும்பி வந்த 2,000-ஐயும் சேர்த்தால் கணக்கில் 5,260 ரூபாய் மிச்சம். அதை என்ன செய்வது என்று கேட்டதற்கு, போன ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் ஏற்காட்டுக்கு அழைத்துப் போனார் சித்தப்பா. படகுத்துறையில் சீட்டு வாங்கிக் கொண்டு வரிசையில் நின்றபோது, துடுப்புப் படகைக் காட்டி, இதில் எத்தனை பேர் ஏறலாம் என்று முதல் கேள்வி கேட்டது அக்கா மகன்.